கோழி வேகுற வரைக்கும்

– கோழிய ஏன் இன்னைக்கு அறுக்கச் சொன்ன தாயி? அது முட்டை போடுற கோழியாச்சே.

– இருக்கட்டும் மதினி. மூக்கன் மாமா விடிஞ்சதும் அறுத்து, துண்டு போட்டுக் குடுத்துட்டாரு. பாருங்களேன், மஞ்சளும் உப்பும் பெரட்டி வச்சிட்டேன். அந்த லீக்ஸ் தண்ட மட்டும் அலசிக் குடுங்க. நடுவுல மண்ணு இருக்கும், விரிச்சு அலசணும்.

– மூக்கனா அறுத்தான்? அவனுக்கு அறிவு வேணாம்?

– ஏன் மதினி, அவரு என்னா பண்ணுனாரு?

– ஒண்ணுமில்ல. செவ்வாக்கெழமையா இருக்குதே, கவுச்சி வேணாமேன்னு பாத்தேன்.

– நீங்க எப்ப மதினி செவ்வாக்கெழமை பாத்தீங்க? அழகுமுத்து அண்ணன் கருவாடு வாங்கிட்டு வந்தா எந்தக் கெழமையா இருந்தாலும் நீங்கதானே மொத ஆளா சட்டிய வைப்பீங்க.

– அது வேற. என்னமோ போ. இன்னைக்கு ஒரு பருப்ப வேக வச்சு, ஒரு ரசத்த வச்சு விட்டுருவோமே. தம்பி ஜீவா வர்றான், ஆளுங்க வருவாங்க, போவாங்க. இந்தக் கோழிய வச்சுக்கிட்டு நீ எதுக்கு மல்லுக்கட்டுற?

– புள்ளைங்க நேத்திலிருந்து கோழி கோழின்னு கெடக்குதுங்க. அப்பா வர்ற அன்னைக்கு இந்தச் சட்டியிலதான் கோழி வேகணும்னு ஒங்க தம்பிதான் அதுங்ககிட்ட சொல்லி வச்சிருக்காரு. நான் என்னா பண்ண?

– சரி, அப்ப அடுப்புல வையேன். ஒரு மணி நேரத்துல முடிஞ்சுரும்ல. இந்தக் கரண்டு சட்டி எதுக்கு?

– ஊர்க்கோழி மதினி. அடுப்புல வச்சா ரப்பர் மாதிரி இழுக்கும். இதுல வச்சா மத்தியானம் வரைக்கும் கெடந்து, எலும்ப விட்டுத் தானா கழண்டு வரும். சின்னவளுக்கு விழுந்த பல்லு இன்னும் மொளைக்கலயே, அவளுக்கும் லேசா இருக்கும். தேயிலக் கொழுந்தெடுக்கப் போறதுக்கு முன்னால போட்டுட்டுப் போ, வந்து சோறு மட்டும் வடிச்சாப் போதும்னுதானே கத்தார்ல இருந்து இதை அனுப்புனாரு. ஒரு இஞ்சினியர் தொரை ஊருக்குப் போகும்போது இவருகிட்ட குடுத்துட்டுப் போனதாம்.

– ஸ்லோ குக்கரு. பேரப் பாரு. மெதுவா வேகுறதுக்கு ஒரு சட்டி.

– இருங்க, அவரு அனுப்புன வாய்ஸப் போடுறேன். எனக்கு வரிசை மறந்து மறந்து போகுது. கேட்டுக்கிட்டே போட்டுருவோம்.

– வேணாம் தாயி, அத இப்ப எதுக்கு...

– நிஷா, கேக்குதா? நான் சமையக்கட்டுல நிக்கிறேன், இங்க சத்தம், போனக் கிட்ட வச்சுக் கேளு. மொதல்ல அடியில கெழங்கு. கெழங்கும் கேரட்டும் அடியில போடணும். இந்தச் சட்டியில அது வேகத்தான் நேரம் எடுக்கும், கோழி இல்ல. பெருசு பெருசா வெட்டு. எங்க அக்கா வெட்டுற மாதிரி பொடிப் பொடியா வெட்டிறாத, கரைஞ்சு கஞ்சியாயிரும். அதுக்கு மேல வெங்காயம், பூண்டு, தட்டுன மொளகு, ஒரு துண்டு கறுவாப்பட்டை. அதுக்கும் மேலதான் கோழி. தண்ணி கொஞ்சமா ஊத்து. கோழியே தண்ணி விடும். லீக்ஸ கடைசியிலதான் போடணும், மொதல்ல போட்டா நெறம் செத்துரும். மூடுனா மூடுனதுதான் நிஷா. தொறந்து தொறந்து பாக்காத. எங்க அக்கா வந்தா கட்டாயம் மூடியத் தூக்கிப் பாக்கும். கையத் தட்டி விடு.

– நிப்பாட்டு.

– இன்னும் கொஞ்சம் இருக்கு மதினி. மாவு கரைச்சு ஊத்துறதப் பத்தி...

– நிப்பாட்டுன்னு சொல்றேன்ல! அவன்தான் வரப் போறானே. அவன் வாயால நேர்லயே கேட்டுக்குறேன்.

– சரி மதினி. நிப்பாட்டிட்டேன். அந்த லீக்ஸ வச்சிட்டு இப்புடி ஒக்காருங்க. தேத்தண்ணி தர்றேன். நேத்தும் நீங்க ஒண்ணும் சாப்பிடலன்னு பெரியவ தனுஜா சொன்னா.

– எனக்கு என்னா, நான் நல்லாத்தான் இருக்கேன். இந்தா, ஒனக்கு ரோசாப்பூ கொண்டாந்தேன். கணக்கப்பிள்ளை வீட்டு வேலியில பூத்தது. கேட்டு வாங்கிட்டு வந்தேன்.

– எனக்கா? எதுக்கு மதினி?

– வச்சுக்க தாயி. இன்னைக்கு வச்சுக்க.

– கோழி புடிச்ச கை. நீங்களே வச்சு விடுங்க. விழுந்துறாம நல்லாக் குத்தி விடுங்க.

– பொட்டு பெருசா வச்சிருக்க இன்னைக்கு.

– அவருக்குப் பெரிய பொட்டுதான் புடிக்கும். அதான். ஏன் மதினி, பூவ எடுத்து எடுத்துக் குத்துறீங்க?

– குளுருல வெரலு வெறைக்குது. மழையப் பாரு, விடிஞ்சதிலிருந்து ஊத்துது.

– முடிஞ்சுதா? சரி, நான் மூடிய வைக்கிறேன். லோவுல வச்சிருக்கேன். இனிமே தொறக்கக் கூடாது.

– காம்பராவுல கட்டிலக் காணோமே?

– அவிழ்த்துப் பின்னால வச்சிட்டேன். நடு எடம் காலியா இருக்கட்டுமேன்னு. நீங்கதானே சொன்னீங்க, ஆளுங்க வருவாங்க போவாங்கன்னு.

– நீ ஒத்தையா அவிழ்த்தியா? ஒன் நெஞ்சுக்கு அதெல்லாம் ஆகுமா? கிளினிக்குல டொக்டர் என்னா சொன்னாரு? பாரம் தூக்காத, பதட்டப்படாதன்னு சொன்னாரா இல்லையா?

– பதட்டப்படலயே மதினி. மெதுவாத்தான் அவிழ்த்தேன். அவரோட கல்யாண வேட்டியையும் எடுத்துத் தொவைச்சுக் காயப்போட்டேன், இந்த மழையில எங்க காயுது? அடுப்புக்கு மேல கயிறு கட்டிப் போட்டுருக்கேன். ஒங்க போனு அடிக்குது பாருங்க, அழகுமுத்து அண்ணனாத்தான் இருக்கும்.

– ஆமா. உள்ள சிக்னல் கெடைக்காது. நான் தண்ணிப் பீலிகிட்ட போயிப் பேசிட்டு வந்துர்றேன். நீ இரு.

– கொடையக் கொண்டு போங்க.

– வேணாம், இரு. அலோ... அலோ. இருங்க, வெளிய வந்துட்டேன். ம், சொல்லுங்க.

– நாகு, பக்கத்துல யாரும் இருக்காங்களா?

– இல்ல. நிஷாந்தி உள்ள இருக்கா. புள்ளைங்க ரெண்டும் ஸ்கூலுக்குப் போயிருச்சுங்க. நீங்க எங்க வர்றீங்க?

– ஏர்போட்டுல இருந்து இப்பத்தான் கெளம்பி வர்றோம். வழியெல்லாம் மழையா இருக்கு. டிரைவர் மெதுவாத்தான் விடுறாரு. பெட்டி ஆடக் கூடாதுல்ல.

– அவன் மொகத்தப் பாத்தீங்களா?

– பாத்தேன். ஏர்போட்டுலயே தொறந்து காட்டுனாங்க.

– எப்புடிங்க இருக்கான்?

– தூங்குற மாதிரித்தான் இருக்கான். தூக்கத்துல போனவன்தானே. கொஞ்சம் கறுத்திருக்கான், வேற ஒண்ணுமில்ல. மீசைய எடுத்திருக்கான்.

– மீசைய எடுத்துட்டானா? என்கிட்ட சொல்லவே இல்லையே. ஐயோ, நான் இடுப்புல தூக்கி வளத்த புள்ளைங்க அது. எங்கம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போனா நான்தானே...

– இந்தா பாரு, அழுவாத. நீ அழுதா அவளுக்கு வெளங்கிரும். இத்தனை நாளு பொத்திப் பொத்தி வச்சோம். இன்னும் கொஞ்ச நேரம் தாங்கு.

– என்னால முடியலைங்க. அவ அவனோட வேட்டியத் தொவைச்சுப் போட்டுருக்கா. அவன் கொரலப் போனுல போட்டுக் காட்டுறா. நான் சொல்லிரட்டுமா?

– வேணாம். அவ நெஞ்சு எப்புடின்னு ஒனக்குத் தெரியாதா? அவ அப்பன் செத்தப்போ மயங்கி விழுந்தவளை லொறியில போட்டுத்தானே நுவரெலியாவுக்குக் கொண்டு போனோம். நான் வந்து எறங்குறேன், வரும்போதே தோட்டத்து மருத்துவிச்சி அம்மாவையும் கூட்டிக்கிட்டு வர்றேன். அவங்களப் பக்கத்துல வச்சுக்கிட்டுச் சொல்லுவோம். வெளங்குதா?

– வெளங்குது. அவ கோழி ஆக்குறாங்க.

– என்னா?

– அந்தக் கரண்டு சட்டியில கோழி வேகுது. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்குறா.

– ஏய், பொணம் வந்து எறங்குற வீட்டுல கோழியா? சொந்தக்காரனே அடுப்ப அணைச்சு சோத்துப் பானைய வெளிய வைக்கிற நேரத்துல, உள்ள கவுச்சி மணந்தா சனம் என்னா பேசும்? நாளைக்கு அந்தப் புள்ளையத்தான் பேசுவாங்க. புருஷன் பெட்டியில வர்றான், இவ கோழி தின்னான்னு. எப்புடியாச்சும் நிப்பாட்டு.

– எப்புடிங்க நிப்பாட்டுறது?

– எனக்கென்னா தெரியும். நீதான் பக்கத்துல இருக்க. சரி, வைக்கிறேன். மேல கோயில்கிட்ட வெள்ளக் கொடி கட்டச் சொல்லிருக்கேன், அவ கண்ணுல படாமப் பாத்துக்க.

*

– மதினி, இந்த பிளக்க யாரு கழட்டுனது?

– எது?

– இந்தா, கீழ கெடக்குது. சட்டி ஆறிப்போயிருக்கு, தொட்டுப் பாருங்களேன். நான் கொடத்த எடுத்துக்கிட்டு பீலிக்குப் போனேன், அங்க ராக்காயி அக்கா புடிச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே இருந்துச்சு. வந்து பாத்தா இப்புடி.

– கரண்டு போயிருக்கும்.

– கரண்டு போனா பிளக்கு தானா கழண்டு விழுமா மதினி?

– அப்ப எலி கிலி ஓடி இழுத்திருக்கும்.

– மதினி.

– நான்தான் கழட்டுனேன். போதுமா? வேணாம் தாயி. இன்னைக்கு இத ஆக்க வேணாம். ஒன் கால்ல வேணும்னாலும் விழுறேன். ஏன்னு மட்டும் கேக்காத.

– கேக்கல மதினி.

– கேக்க மாட்டியா?

– மாட்டேன். நீங்களும் நான் ஏன் ஆக்குறேன்னு கேக்காதீங்க. திரும்பக் குத்திட்டேன். இப்ப ஹையில வைக்கிறேன். போன நேரத்தப் புடிக்கணும்ல.

– என்னா புடிவாதம்டி இது? ஒரு வேளை கோழி தின்னலன்னா செத்தா போயிருவீங்க? எல்லாம் இந்தப் புடிவாதந்தான். இந்தப் புடிவாதத்துலதான் என் தம்பிய அந்த வெயில்ல தூக்கிப் போட்ட.

– நானா?

– பின்ன யாரு? கந்தப்பளை ஹோட்டல்ல நல்லாத்தானே சமைச்சுக்கிட்டு இருந்தான். குளுருல பொறந்த புள்ள. கோட்டு போட்டுக்கிட்டே தூங்குறவன். அவனப் போயி நெருப்புல நிக்க வச்சியே.

– ஹோட்டல மூடிட்டாங்க மதினி. வெளிநாட்டுக்காரங்க வரலன்னு எல்லாரையும் நிப்பாட்டிட்டாங்க. ஒங்களுக்குத் தெரியாததா? நான் போக வேணாம்னுதான் சொன்னேன். காத்துல நம்ம லயத்துக் கூரைத் தகரம் பறந்துச்சே, அன்னைக்கு ராத்திரி பூரா சின்னவளத் தூக்கி மடியில வச்சு, அவ மேல கொடையப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. விடிஞ்சதும் போறேன்னுட்டாரு. நான் அழுதேன். அதுக்கு மேல எனக்கு என்னா செய்யத் தெரியும்?

– நகரு, இந்த வெங்காயத் தோலக் கூட்டி அள்ளுறேன்.

– சொல்லுங்க மதினி. நான் வேற என்னா செஞ்சிருக்கணும்?

– ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. என்னமோ ஆத்திரத்துல பேசிட்டேன். மனசுல வச்சுக்காத.

– வச்சுக்கல. நீங்க என்னையத் திட்டாம வேற யாரத் திட்டுவீங்க?

– அவன் வந்து கடை போடுறேன்னு சொன்னானே, நெசமாவா?

– ஆமா மதினி. தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுகிட்ட. மேசை நாலு போட்டாப் போதுமாம். இந்த மாதிரிச் சட்டி மூணு. ஒண்ணுல கோழி, ஒண்ணுல பருப்பு, ஒண்ணுல எலும்பு சூப்பு. மொத பஸ்ஸுக்குப் போறவங்க மழையில நனைஞ்சுக்கிட்டு வருவாங்கல்ல, அவங்களுக்குச் சுடச்சுட ஒரு கிண்ணம். மூடியத் தொறந்தா ஸ்டாண்டு பூரா மணக்கணும் நிஷான்னு சொல்லுவாரு.

– சின்னதுலேயே அவனுக்குத் திங்கிற நெனைப்புதான். எப்பப் பாத்தாலும் பசின்னு சொல்லிக்கிட்டுத்தான் நிப்பான்.

– மாமா தவறினப்போ அவரு ரொம்பச் சின்னப் புள்ளையாமே.

– இவ்வளவுதான் இருப்பான். சின்னவ உசரம். அன்னைக்கு வீட்டுல கூட்டம்னா கூட்டம். அம்மா ஒரு பக்கம் உருண்டு அழுகுது, நான் ஒரு பக்கம். இவன ஒருத்தரும் நெனைக்கல. காலையிலிருந்து பச்சத் தண்ணி குடுக்கல. பொழுது சாய்ஞ்சு தேடுறேன், ஆளக் காணோம். அப்புறம் பாத்தா, எங்கப்பன் தலமாட்டுல ஒக்காந்து, பொணத்துக்கு வச்ச அரிசிய அள்ளி அள்ளித் தின்னுக்கிட்டு இருக்கான். பச்சரிசி. வாய் பூரா வெள்ளையா... ஒரு கெழவி பாத்துட்டு, பொணத்துச் சோறு திங்கிறியாடான்னு கன்னத்துல அறைஞ்சிருச்சு.

– சொல்லியிருக்காரு.

– ஒன்கிட்ட சொன்னானா? என்கிட்ட அதப் பத்தி அவன் பேசுனதே இல்ல.

– கல்யாணமான புதுசுல ஒருக்கா சொன்னாரு. பெறகு பேசல.

– என்னமோ போ. இன்னைக்குப் பாத்து எனக்கு இதெல்லாம் ஞாபகம் வருது. சரி, நீ வேற எதையாச்சும் பேசு.

– மூடிக்கு உள்ள ஆவி கட்டுது பாருங்க. கொதிக்க ஆரம்பிச்சிருச்சு.

– ம். மணக்கத்தான் செய்யுது.

*

– லீக்ஸக் குடுங்க மதினி. இப்பப் போட்டாச் சரியா இருக்கும். கோழி வெந்துருச்சு, கரண்டியில தொட்டதும் எலும்பு தனியா வருது. இந்தக் கோப்பையில கோதுமை மாவு கரைச்சு வச்சிருக்கேன், அதையும் ஊத்திட்டு மூடிருவோம். புள்ளைங்க வர்ற நேரத்துக்குக் கெட்டியாயிரும்.

– உப்பு பாத்தியா?

– பாக்கல. நீங்க பாக்குறீங்களா?

– எனக்கு வேணாம். நீ பாரு.

– நானும் பாக்கல. புள்ளைங்க சொன்னாப் போட்டுக்கிடலாம். ஒங்க போனு மதினி.

– ஆமா, வந்துர்றேன்... அலோ. சொல்லுங்க.

– றொசல்ல தாண்டி வர்றோம். இனி ஹட்டன், தலவாக்கலை, நேரா தோட்டந்தான். நிப்பாட்டிட்டியா?

– இல்லைங்க.

– என்னாடி, இல்லன்னா?

– பிளக்கக் கழட்டிக்கூடப் பாத்தேன். திரும்பக் குத்திட்டா. சண்டைகூடப் போட்டுட்டேன். அதுக்கு மேல என்னால முடியல. அவ அவனுக்காக ஆசையா ஆக்குறா. நான் எந்த வாயால வேணாம்னு சொல்லுவேன்? சனம் பேசுனாப் பேசட்டும். நான் பாத்துக்கிறேன்.

– சரி, விடு. அழுவாத. மருத்துவிச்சி அம்மா கீழ ரோட்டுல நிக்கிறாங்களாம், ஏத்திக்கிட்டு வந்துர்றேன். பெட்டிய எறக்குறதுக்கு முன்னால அவள ஒக்கார வச்சுச் சொல்லிருவோம்.

– நானே சொல்றேன். வேற யாரும் சொல்ல வேணாம். அவன் எனக்குப் பொறகுதான் மத்தவங்களுக்கு.

*

– அம்மா! ரோட்டுல வரும்போதே மணக்குதும்மா! அப்பா வந்துட்டாரா?

– வந்துக்கிட்டு இருக்காரு தனு. செருப்ப வெளிய போடு. சட்டைய மாத்து. சின்னவளுக்கும் மாத்தி விட்டுட்டு ரெண்டு பேரும் வந்து ஒக்காருங்க.

– அப்பா வந்த பெறகு சாப்பிடுவோம். எல்லாரும் சேந்து.

– இல்ல, இப்பவே சாப்பிடணும்.

– ஐயோ அம்மா, அப்பாவோட சேந்து சாப்பிடணும்னுதானே நான் மத்தியானத்துக்குக் குடுத்ததையும் திங்காம வந்தேன்.

– அப்பா வந்தா வீடு பூரா ஆளுங்களா இருக்கும். அப்ப சாப்பிட முடியாது. ஒங்க ரெண்டு பேருக்கும் ஆக்கிக் குடுன்னு அப்பாதானே சொல்லிக் குடுத்தாரு. ஒக்காரு. இந்தா, சூடா இருக்கு, ஊதிச் சாப்பிடு. சின்னவளே, இப்புடி வா. ஒனக்குத் தொடைக்கறி.

– அத்தை, நீங்க சாப்பிடலையா?

– எனக்குப் பசிக்கல கண்ணு. நீ சாப்பிடு.

– அம்மா, நீங்க?

– நான் பெறகு. எப்புடி இருக்கு?

– செம்மயா இருக்கும்மா. எலும்பு தானா கழண்டு வருது. கெழங்கப் பாருங்க, உள்ள வரைக்கும் மஞ்சளா... உப்புதான் கொஞ்சம் கொறைச்சல்.

– இந்தா, போட்டுக்க.

– அத்தை, கோயில்கிட்ட வெள்ளக் கொடி கட்டுறாங்க. மூக்கன் மாமா மரத்துல ஏறிக் கட்டுறாரு. யாரு செத்தது?

– அது... மேல் டிவிசன்ல ஒரு தாத்தாவாம்.

– எந்தத் தாத்தா?

– சாப்பிடுறப்போ பேசாத தனு. எலும்பு மாட்டிக்கும். இந்தா, இன்னும் கொஞ்சம் வச்சுக்க.

– போதும்மா. வயிறு நெறைஞ்சிருச்சு.

– கொஞ்சந்தான். இந்தக் கேரட்ட மட்டும். சின்னவளே, வாயத் தொற. இன்னொரு வாய். இது அப்பாவுக்கு. இன்னொண்ணு. இது அத்தைக்கு.

– மொகத்துல சாறு வடியுதும்மா அவளுக்கு. பூனை மாதிரி இருக்கா.

– வடியட்டும். தின்னு சாமி. நல்லாத் தின்னு.

– நிஷாந்தி, கீழ ரோட்டுல வேன் சத்தம் கேக்குது தாயி.

– கேக்குது மதினி. வளைவுலதான் வருது. இன்னும் ஏறி வரணும்ல.

– அப்பா வேன்! அம்மா, அப்பா வேன்! நான் போறேன்!

– ஒக்காரு. தட்ட முடி. அந்த ஒரு துண்டு இருக்கு பாரு.

– அம்மா, ப்ளீஸ்ம்மா!

– முடிச்சிட்டுத்தான் எந்திரிக்கணும். ம். முழுங்கிட்டியா? நல்ல புள்ள. இப்ப ரெண்டு பேரும் பின்னால பீலிக்குப் போங்க. கவுச்சிக் கையோட அப்பாவத் தொடக் கூடாது. சவுக்காரம் போட்டுக் கழுவு. சின்னவ மொகத்தையும் கழுவி விடு, வாயக் கொப்புளிக்கச் சொல்லு. அவசரப்படாத, தண்ணி ஜில்லுன்னு இருக்கும். சின்னவ கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போ.

– சரிம்மா. வாடி, ஓடி வா!

– மதினி, மிச்சத்த அப்புடியே சட்டியோட ராக்காயி அக்கா காம்பராவுல குடுத்துட்டு வந்துட்டேன்னா... இல்ல, நேரமில்ல. நீங்க முன் கதவத் தொறந்து விடுங்க, வாடை போகட்டும். நான் சாம்பிராணி போடுறேன்.

– நிஷாந்தி, அத வையி. இப்புடி வா.

– சொல்லுங்க மதினி.

– கீழ ஒக்காரு. என் கையப் புடிச்சுக்க. நெஞ்சு படபடன்னு வந்தா ஒடனே சொல்லணும், என்னா? நான் ஒண்ணு சொல்றேன். ஜீவா... தம்பி அந்த வேன்ல வர்றான் தாயி, ஆனா அவன்...

– சத்தம் வேணாம் மதினி, நீங்க சொல்ல வேணாம், போன புதன்கெழமை அவரு போனுக்கு அடிச்சேன், கூடத் தங்கியிருக்குற பையன் எடுத்து அழுதுட்டான், அன்னையிலிருந்து வாயப் பொத்திக்கிட்டுத்தான் கெடக்கேன். புள்ளைங்க கை கழுவிட்டு வரட்டும், அதுக்குப் பெறகு நாம அழுவோம்.